முப்பத்தொரு படங்கள்

9 ஜனவரி

அன்புள்ள வாலுவுக்கு,

இரண்டு வாரமாக ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. விடை எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கக் கூடாததைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தியை நாற்காலி போட்டு உட்கார வைத்தால், பார்த்த குற்றம் உட்கார வைத்தவனுடையதா, உட்கார்ந்தவளுடையதா?

எனக்குப் பழைய முதுகுவலிதான், புதிதாக ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

விஷயம் இதுதான். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அக்டோபரில் யாரோ ஒரு மின்னஞ்சலைத் திறக்கப்போய் ஒன்பது நாள் எல்லாக் கணினிகளும் பூட்டிக்கொண்டன அல்லவா? மாதிரிப் புட்டிகள் வரிசையாகப் பச்சை பிடித்து நின்றன. அந்தப் பயத்தில் நவம்பரில் எல்லா இயந்திரங்களிலும் 'காவலன்' என்ற ஒன்றை ஏற்றினார்கள். திருடனைப் பிடிக்க வந்தவன் இப்போது வீட்டுக்காரர்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். யார் எதைத் தட்டினாலும் படிக்கிறான். அவனிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. 'கடவுச்சொல்', 'ராஜினாமா', 'யாருக்கும் தெரியாமல்' என்று இருநூறு சொற்கள். அதில் ஒன்று வந்தால் திரையைப் படம் எடுத்து அனுப்புகிறான். அந்தப் படங்களை மூன்று பேர் பங்கு பிரித்துப் பார்த்து 'ஆபத்து', 'ஆபத்தில்லை' என்று குறிக்க வேண்டும். ஒருவர் எங்கள் வக்கீல், ஒருவர் பணியாளர் பிரிவுத் தலைவி, மூன்றாவது நான்.

பாதுகாப்பு அதிகாரியை நாங்கள் சாவிக்கொத்து என்போம். கதவுகள் எல்லாம் அட்டையைக் காட்டினால் திறக்கிற காலத்திலும் இடுப்பில் சாவிகள் குலுங்க நடப்பார். அவர்தான் வந்து சொன்னார்.

"மூணாவது ஆள் நீங்கதான் மேடம். யார்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"இது பாராட்டா?"

"தகுதி மேடம்."

முதல் வாரமே எங்கள் ஆய்வக உதவியாளர் ஒரு வைத்தியருக்குத் தன் மூலநோயைப் பற்றி எழுதிய நீண்ட விவரம் என் முன்னால் வந்து நின்றது. 'ஆபத்தில்லை' என்று குறித்தேன். அந்த மனிதர் ஏன் எப்போதும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துவிட்டதைத் தெரியாததாக்க ஒரு வழியும் கிடையாது. வீட்டுக்கு வந்து கை கழுவுகிறேன், அழுக்கு கையில் இல்லை என்று தெரிந்தும்.

மாப்பிள்ளை உன் போனில் ஏற்றி வைத்திருக்கிற அந்தப் 'பாதுகாப்பு' அப்படியேதான் இருக்கிறதா? அதனால்தான் வழக்கம்போலக் கடை முகவரிக்கே எழுதுகிறேன். நான் கொடுத்த பழைய மடிக்கணினி ஓடுகிறதா?

உடம்பைக் கவனி.

அக்கா


20 ஜனவரி

என் அக்காவுக்கு,

உன் முதுகுக்கு வெந்நீர், உன் மண்டைக்கு விடுமுறை. இரண்டையும் நீ எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன். நான் நலம். அவருக்கு இருமல் நின்றுவிட்டது, குரல் நிற்கவில்லை.

உன் ஆய்வக உதவியாளரைப் பற்றிப் படித்து முதலாளியம்மாவும் நானும் சிரித்தோம். பிறகு அவள், "சிரிக்கக் கூடாதுடி, பாவம்" என்றாள். அப்புறம் மறுபடி சிரித்தோம். மன்னித்துவிடு, உன் அருவருப்பு அப்போது எங்களுக்கு எட்டவில்லை.

மடிக்கணினி நன்றாக ஓடுகிறது. கடையில் கண்ணாடிச் சட்டங்கள் வைக்கிற இழுப்பறையில்தான் அதற்கு வாசம். மதியம் ஆள் வராத ஒரு மணி நேரம் எனக்கும் அதற்கும். உனக்கு எழுதுகிற கடிதத்தைக்கூட அதில்தான் முதலில் தட்டுகிறேன், பிறகு பார்த்து நல்ல தாளில் எழுதுகிறேன். அம்மா நம் இருவருக்கும் ஏற்றிய பைத்தியம்தானே: முதலில் ரஃப், அப்புறம் ஃபேர். ரஃபில் என்ன வேண்டுமானாலும் உளறலாம், ஃபேரில் மானம் போகக் கூடாது.

போனில் உள்ளது அப்படியே இருக்கிறது. போன வாரம், "மூலைக்கடைகிட்ட பதினோரு நிமிஷம் என்ன பண்ணின?" என்றார். செருப்பு வார் அறுந்தது என்றேன். செருப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். நல்லவேளை, நிஜமாகவே அறுந்திருந்தது.

கடைக்கு வருகிற எல்லோருக்கும் பார்வை கூட வேண்டும் என்று கவலை. எனக்கு மட்டும் என் மேல் இருக்கிற பார்வை கொஞ்சம் குறைந்தால் போதும்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு


6 பிப்ரவரி

அன்புள்ள வாலுவுக்கு,

நலமாக இருக்கிறேன். கை எப்படி இருக்கிறது? வீக்கம் வடியவில்லை என்றால் எலும்பைப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. தள்ளிப் போடாதே.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் எனக்கு ரஃப் போட வேண்டாம். நேராகத் தாளிலேயே எழுது. அடித்தல் திருத்தல் இருந்தால் நான் ஒன்றும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. மடிக்கணினியையும் அதிகம் திறக்காதே. பழசு, சூடாகும்.

இங்கே அதே அசிங்கம் தொடர்கிறது. புட்டி கழுவுகிற அம்மாள் ஒரு பெண் மருத்துவரிடம் நேரம் கேட்டு எழுதியது திரையில் வந்தது. வக்கீல் எங்களுக்குக் காட்டி, "இந்த வயசுலயா?" என்றார். பணியாளர் பிரிவுத் தலைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

வேறு என்ன. கையைப் பார்த்துக்கொள்.

அக்கா


15 பிப்ரவரி

அக்கா,

நலம்தானே? நானும்.

கையைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லையே. ஒரு வார்த்தைகூட இல்லை. எப்படிக் கேட்டாய்?

இது முதலாளியம்மாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கைக்குக் கட்டுப் போட்டவள் அவள் ஒருத்திதான். நேராகவே கேட்டுவிட்டேன்.

"எங்க அக்காவுக்கு எழுதுனீங்களா?"

"நானா? உங்க அக்கா முகமே எனக்குத் தெரியாதேடி."

"பின்ன அவளுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? என் கடையில, என் துணியக் கிழிச்சுக் கட்டுப் போட்டு விட்டேன். இப்ப என்னையே கோள்மூட்டிங்கறியா?"

அவள் அழுதாள். நான் சட்டங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு, "பவர் என்ன?", "மைனஸ் ரெண்டு" என்பதோடு சரி. எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவள். இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யார் சொன்னார்கள் என்று எழுது.

வாலு


23 பிப்ரவரி

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சளி பிடித்து மூன்று நாள் படுத்திருந்தேன், அதனால் தாமதம். நீ நலம் என்று நம்புகிறேன்.

யாரும் சொல்லவில்லை. ஜனவரிக் கடிதத்தில் உன் எழுத்து வழக்கத்தைவிடச் சாய்ந்திருந்தது. கையில் ஏதோ என்று ஊகித்தேன். முதலாளியம்மாவிடம் மன்னிப்புக் கேள். இன்றே கேள். அவள் மேல் தவறில்லை.

அந்தக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொண்டுபோனேன். சாவிக்கொத்தின் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்னும் சில வாரம் அங்கே இருக்க வேண்டியிருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வெளியே போகும்போது கவனமாக இரு.

அக்கா


4 மார்ச்

அக்கா,

அடிபட்டது இடது கை. நான் எழுதுவது வலது கையால். நாற்பத்து நான்கு வருஷமாக வலது கையால்.

எழுத்து எப்படிச் சாயும்?

முதலாளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க அக்காகிட்டக் கேளு, என்கிட்டக் கேக்காத" என்றாள்.

இதை ரஃப் இல்லாமல் நேராகவே எழுதுகிறேன். நீதானே சொன்னாய் ரஃப் வேண்டாம் என்று. ஏன் சொன்னாய்?

வாலு


10 மார்ச்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் நலத்தை விசாரிக்கிற தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உனக்குக் கொடுத்த மடிக்கணினியில் காவலன் இருக்கிறான்.

டிசம்பரில் பழைய இயந்திரங்களை, உரிமை அலுவலகத்துக்கே என்ற நிபந்தனையோடு, எங்களுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும் முன் முழுதாகத் துடைத்துத் தருவது கணினிப் பிரிவின் வேலை. அந்த ஆள் என் மேசைக்கு வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். என் சொந்தக் கோப்புகள் சில இருந்தன, அவன் கண்ணில் படுவது எனக்குப் பிடிக்கவில்லை. "நானே அழிச்சுக்கறேன்" என்றேன். என் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன். காவலனை அழிக்கவில்லை. அவன் அதில் இருப்பான் என்றுகூடத் தோன்றவில்லை. என் அந்தரங்கத்தை ஒருவன் பார்த்துவிடக் கூடாதென்று நான் பட்ட கவலைதான் உன்னுடையதைத் திறந்து வைத்தது.

ஜனவரிக் கடைசியில் முதல் படம் வந்தது. என் பணி எண், ஆனால் திரையில் உன் பேச்சு. "யாருக்கும் தெரியாமல்" என்று நீ தட்டியிருந்தாய். எனக்கு எழுதிய கடிதத்தின் ரஃப். தபாலில் வந்த ஃபேரில் 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று இருந்த இடத்தில், ரஃபில் இருபது வரி இருந்தது.

முதல் படம் தற்செயல். அடுத்த முப்பதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. படங்களைப் பங்கு பிரிக்கும்போது, "என் எண் என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக நான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இப்படிச் சொல்லிக்கொள்கிற எல்லோரையும் எனக்குத் தெரியும், பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கை எப்படி வீங்கியது என்று தெரியும். மாதக் கடைசியில் நீ வீட்டை விட்டுக் கிளம்பப் போவது தெரியும். நீ வாடகைக்குப் பிடித்திருக்கிற மாடி அறை தெரியும். நீ என்னைப் பற்றி எழுதியதும் தெரியும்: "அக்காவிடம் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். என் மேல் அல்ல, அவர் மேல்தான். ஆனால் சுளித்த முகத்தோடு அவள் என்னைத்தான் பார்ப்பாள்."

நான் சளியில் படுத்திருந்த நாட்களில் சாவிக்கொத்து இரண்டு படங்களைத் திறந்திருக்கிறார். திரும்பிப் போனதும் கேட்டார்.

"உங்க பழைய மெஷின்ல யாரோ கதை எழுதறாங்க போல மேடம்?"

"அழிச்சுடுங்க சார். அது என் சொந்த விஷயம்."

"அழிக்கறதுக்கு வழியே இல்ல மேடம். ஏழு வருஷம் அப்படியே இருக்கும். அதுதானே பாதுகாப்பு?"

இப்போது அவசரமான விஷயம். இயந்திரம் வெளியாள் கையில் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அது இருக்கிற வீட்டுக்கு அறிவிப்பு அனுப்பித் திரும்ப வாங்குவது விதி. 26ஆம் தேதி அனுப்புவார்கள். வாங்கும்போது படிவத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பிய முட்டாள் நான்: 'கருவி இருக்கும் இடம்' என்ற கட்டத்தில் உன் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற தபாலை எல்லாம் மாப்பிள்ளைதான் பிரிக்கிறார். அறிவிப்போடு, அந்த இயந்திரம் எந்தெந்த இடத்தில் இணைப்பில் இருந்தது என்ற பட்டியலும் போகும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அதை மாடி அறையில் ஒருமுறை திறந்திருக்கிறாய். அந்த முகவரியும் பட்டியலில் இருக்கும்.

இயந்திரத்தை அணைத்துவிடு. திறக்கவே திறக்காதே. அறிவிப்பை நிறுத்த என்னால் ஆனதைச் செய்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்று தாளை மாற்றவில்லை.

அக்கா


14 மார்ச்

அக்கா,

மாதக் கடைசி வரை காத்திருக்கவில்லை. இன்று காலை கிளம்பிவிட்டேன். போனை வீட்டிலேயே சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்தேன். அது பத்திரமாக வீட்டில் இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

நான் எங்கே நின்றேன் என்று அவர் பார்த்தார். நான் என்ன நினைத்தேன் என்று நீ பார்த்தாய். அவரிடம் பொய் சொல்ல ஒரு செருப்பு வாராவது இருந்தது. உன்னிடம் என்ன இருந்தது எனக்கு?

அறையை மாற்ற முடியாது. முன்பணம் கொடுத்தாயிற்று, வேறு இடமும் இல்லை. அந்தக் காகிதம் அவர் கைக்குப் போனால் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்பார். அதை நிறுத்து. எப்படி என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

உன்னைப் பற்றி எழுதியது பொய் என்று எழுதித் தருவேன் என்று எதிர்பார்க்காதே.

உடம்பு நன்றாக இருக்கிறது. கேட்பாய் என்பதால் சொல்கிறேன்.

வாலு


27 மார்ச்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் புது அறையின் முகவரி எனக்குத் தெரியும். அதனால்தான் அதற்கு எழுதவில்லை. முதலாளியம்மா இதை உன்னிடம் கொடுப்பதா கிழிப்பதா என்பதை நீயே அவளிடம் சொல். கை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன், இந்தமுறை நிஜமாகவே தெரியாமல்.

அறிவிப்பு போகவில்லை. எப்படி என்று சொல்ல வேண்டாம் என்றாய். ஆனால் உன் வார்த்தைகளை வைத்துத்தான் நிறுத்தினேன், அதை உனக்குத் தெரியாமல் இன்னொரு முறை செய்ய மனம் வரவில்லை.

இயந்திரம் என்னிடம்தான் இருக்கிறது, அதில் எழுதுகிறவளும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் போய் வருகிறேன், கண்ட இடத்தில் திறப்பேன், படிவத்தில் எழுதியது அங்கே நான் தங்குகிற வீட்டு முகவரி என்றேன். எனக்குக் கணவனே கிடையாது என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும், அதனால் அதில் வருகிற கணவன் கற்பனைதான் என்று நம்புவார்கள். "கதை எழுதறேன்" என்றேன். சாவிக்கொத்து ஏற்கெனவே அப்படித்தான் நினைத்திருந்தார், அவருக்குத் தன் ஊகம் பலித்த சந்தோஷம். ஆனால் வக்கீல் விடவில்லை. கதைதான் என்று குழு உறுதி செய்ய வேண்டும், அதற்கு எல்லாவற்றையும் படித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

நேற்று முன்தினம் மதியம், கூட்ட அறையில், திரையை இறக்கி, தேநீர் வரவழைத்து, குழுவில் என் இடத்தில் சாவிக்கொத்தை உட்கார வைத்து, முப்பத்தொன்றையும் வரிசையாகப் போட்டார்கள். வக்கீல் உரக்கப் படித்தார். அவருக்கு நல்ல குரல். "ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லச் சொன்னார்" என்ற இடத்தில் குரலை இறக்கி நிறுத்திப் படித்தார். பணியாளர் பிரிவுத் தலைவி, "அய்யோ, அப்புறம்?" என்றார். பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன்.

முடித்ததும் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் எழுதறீங்க மேடம். அந்த அக்காதான் கதையில ஒட்டல. இப்படிக் கல்லு மாதிரி ஒரு அக்கா யாருக்கு இருப்பா?"

"இருப்பாங்க சார்," என்றார் தலைவி. "எனக்கே ஒருத்தி இருக்கா."

"மாத்திடுங்க மேடம்," என்றார் சாவிக்கொத்து. "கொஞ்சம் பாசத்தச் சேத்துக்கங்க."

"பாக்கறேன்" என்றேன்.

'ஆபத்தில்லை' என்று மூவரும் குறித்தார்கள். அறிவிப்பு ரத்து என்று என் முன்னாலேயே கையெழுத்தாயிற்று, நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். அலுவலகக் கருவியில் சொந்த வேலை பார்த்ததற்காக என் மேல் ஒரு குறிப்பு. குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஒன்றரை மாதமாக நான் எழுதிக் கொடுக்கத் தயங்கிய விலகல், தண்டனையாக வந்து சேர்ந்தது. என் புது இயந்திரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கப்போகிறார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று எழுத மாட்டேன். உன் வீக்கத்தை மூன்று பேர் தேநீரோடு கேட்பதற்கு ஏற்பாடு செய்தேன். அந்தக் காகிதம் அவர் கைக்குப் போகவில்லை. இரண்டும் நான் செய்தவைதான்.

இதை நேற்றே முடித்திருப்பேன், கடைசி வரி வரவில்லை. வராமலே போகட்டும். மறுநாள், அதாவது நேற்று, நடந்ததை மட்டும் எழுதித் தபாலில் போடுகிறேன்.

பதினொரு மணிக்குக் கணினிப் பிரிவின் ஆள் வந்து என் இயந்திரத்தில் புதுக் காவலனை ஏற்றினான். இம்முறை எதையும் அழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் போன கொஞ்ச நேரத்தில் பணியாளர் பிரிவுத் தலைவி வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, என் மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. அந்தப் பொண்ணு கடைசில தப்பிச்சாளா, இல்லையா?"

"தெரியல."

"என்ன மேடம், எழுதறவங்க நீங்க, உங்களுக்கே தெரியலன்னா எப்படி?"

அவர் என் திரையின் மேல்விளிம்பை, புதிதாக ஏற்றியிருந்ததை, விரலால் தட்டிக் காட்டினார்.

"சும்மா எழுதுங்க மேடம். நீங்க யாருக்கும் அனுப்பக்கூட வேண்டாம். எழுதினா போதும், நாங்க பாத்துக்குவோம்."

சிரித்துக்கொண்டே போனார். நான் கணினியை அணைத்துவிட்டு, மாலை ஐந்து மணிவரை அன்றைய மாதிரிகளின் முடிவுகளைக் கையால் எழுதினேன்.

அக்கா